ஆணியைச் சுற்றிய நூல்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது.

நானும் உன் தம்பி மனைவியும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாமா இப்போதும் செய்தித்தாளை முதல் வரியிலிருந்து அச்சகத்தின் முகவரி வரை படித்து முடித்துவிட்டுத்தான் உன்னிடம் தருகிறாரா?

உன் காதுக்குப் போன் ஒத்துவராது என்பதால் மட்டும் இதை எழுதவில்லை. இதைப் போனில் சொல்லவும் முடியாது. இத்துடன் வரும் நீளச் சுருளைப் பார்.

எங்கள் வார்ப்பாலையில் உருகிய இரும்புத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகிற பெரிய கிரேன் இருக்கிறது அல்லவா? தொட்டி ஊசல் மாதிரி ஆடும். அந்த ஆட்டத்தை அடக்க ஒரு புதுக் கட்டுப்பாடு செய்திருக்கிறேன். ஒரு கேமரா கொக்கியைப் பார்த்துக்கொண்டே இருக்கும். ஆட்டம் தெரிந்ததும் மோட்டாருக்குச் சொல்லும், மோட்டார் எதிர்ப்பக்கம் இழுத்து அடக்கும். ஆனால் பார்த்துச் சொல்ல அரை நொடி ஆகிறது. அந்த அரை நொடியால் சமன்பாட்டுக்கு எண்ணிலடங்காத பூஜ்யங்கள் வந்துவிட்டன, ஒவ்வொன்றும் ஒரு வகை ஆட்டம். அவற்றைக் குறிக்கும் கலப்பெண் தளத்தில் நடுக்கோட்டுக்கு இடப்பக்கம் எத்தனை இருந்தாலும் கவலையில்லை, அந்த ஆட்டமெல்லாம் தானே அடங்கும். வலப்பக்கம் ஒன்று இருந்தால் போதும், ஆட்டம் வளர்ந்துகொண்டே போகும். தொட்டிக்குக் கீழே ஆட்கள் நடப்பார்கள்.

பூஜ்யங்களை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்க முடியாது. நீதான் சொல்வாயே, உள்ளே போகாமல் எல்லையைச் சுற்றி வந்தே எண்ணிவிடலாம் என்று. வலப்பக்கம் முழுவதையும் வளைத்துச் சுற்றி வந்தால் சமன்பாட்டின் மதிப்பு எப்படி அலைகிறது என்பதைக் கணினி வரைந்து கொடுத்திருக்கிறது. ஆனால் நடுவில் சிக்கலோ சிக்கல். மூன்று பேர் பார்த்தோம். ஒருவர் ஒரு சுற்று என்கிறார், ஒருவர் ஒன்றுமே இல்லை என்கிறார், என் கண்ணுக்கு இரண்டு. கையெழுத்துப் போட வேண்டியவன் நான். உன் ஆணியையும் நூலையும் எடு அக்கா.

உன் தம்பி

ஜனவரி 21

அன்புத் தம்பிக்கு,

சுருள் கசங்காமல் வந்து சேர்ந்தது. முழங்கால் மாடிப்படியைக் கண்டால் மட்டும் பேசுகிறது. மாமா செய்தித்தாள் விஷயத்தில் திருந்துவார் என்று எதிர்பார்க்காதே. முப்பது வருடம் தபால் பிரித்தவர். எந்தக் காகிதமானாலும் முழுதாகப் படித்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும்.

வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் உனக்கு மறந்திருக்காது. பூங்காவின் வேலியோரமாக ஒரு சுற்று நட, கண் மட்டும் விளக்குக் கம்பத்தை விட்டு விலகக் கூடாது. கம்பம் வேலிக்கு உள்ளே இருந்தால் நீ புறப்பட்ட இடத்துக்கு வரும்போது உன் பார்வை ஒரு முழு வட்டம் போட்டிருக்கும். கம்பம் வெளியே இருந்தால் பார்வை இப்படியும் அப்படியும் போய்விட்டுப் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கண் ஏமாறலாம், நூல் ஏமாறாது.

சாப்பாட்டு மேசை மேல் பலகையைப் போட்டுச் சுருளை விரித்தேன். நடுப்புள்ளியில் ஆணி. ஆணியில் நூலின் ஒரு நுனி, மறுநுனியில் பென்சில். வளைவின் மேல் பென்சிலை நகர்த்திக்கொண்டே போனேன். மாமா பக்கத்தில் நின்று நூல் தொய்யாமல் பார்த்துக்கொண்டார். "பட்டம் விடற வயசுலகூட நான் இவ்வளவு நேரம் நூல் பிடிச்சதில்ல" என்று முனகல் வேறு. உதட்டைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டேன்.

மூன்று முறை செய்தேன். நடுவில் நூல் இரண்டு சுற்று இப்படிச் சுற்றுகிறது, அப்புறம் அதே இரண்டு சுற்று அவிழ்ந்துவிடுகிறது. உங்கள் மூன்று பேரின் சண்டைக்கும் காரணம் அதுதான். கடைசியில் நூல் நேராக நிற்கிறது. மொத்தம் ஒரு சுற்றும் இல்லை. வலப்பக்கம் ஒரு பூஜ்யமும் இல்லை.

தைரியமாகக் கையெழுத்துப் போடு. சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை ஆலைக்கே கொண்டுபோய் மற்ற இரண்டு பேரிடமும் காட்டினேன். "உங்க அக்கா ஆணி அடிச்சா அடிச்சதுதான்" என்றார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். மார்ச் 3ஆம் தேதி பாரச் சோதனை. உருகிய இரும்புக்குப் பதிலாக அதே எடையில் ஓர் இரும்புக் கட்டி. அது ஆடாமல் நின்றால், அடுத்த வாரத்திலிருந்து நிஜத் தொட்டி.

கிரேன் ஓட்டுநரைப் பற்றி உனக்குச் சொல்லியிருக்கிறேனா? எல்லோரும் அவரை 'அவசரம்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். பிறந்ததிலிருந்து ஒரு வேலையையும் அவசரமாகச் செய்யாத மனிதர், அதனால் வந்த பெயர். அவருக்கு என் கேமராவைப் பிடிக்கவில்லை. நேற்று கேமராவை நிறுத்திவிட்டு வெறும் கொக்கியை ஓட்டினார். சும்மா நிற்கிற கொக்கி தானாக ஆட ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக ஆட்டம் கூடிக்கொண்டே போயிற்று. "பாத்தீங்களா சார், கயிறு அவுத்துவிட்ட கன்னுக்குட்டி. இதுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டா மட்டும் அடங்கிடுமா?" என்று சிரித்தார். அவர் பிரேக்கை வைத்தே பதினோரு வருடம் சமாளித்தவர். சிரிக்க உரிமை உண்டு.

உன் தம்பி மனைவி உனக்குத் தனியாக எழுதப் போவதாகச் சொல்கிறாள். என்ன ரகசியமோ.

உன் தம்பி

பிப்ரவரி 20

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

நீங்களும் அண்ணனும் நலம் என்று அவர் சொன்னார். எனக்கு உங்களைப் போலக் கோவையாக எழுத வராது. மனதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன்.

இந்த ஆலையில் ஒரு வழக்கம் இருக்கிறதாம். கிரேனில் எதை மாற்றினாலும், அதற்குக் கையெழுத்துப் போட்டவர் முதல் பாரம் தூக்கும்போது அதன் கீழே நிற்க வேண்டும். தரையில் வெள்ளை வட்டம் போட்டிருக்கிறார்கள். அவர் நின்று காட்டினால்தான் மற்றவர்கள் அதற்குக் கீழே நடப்பார்களாம். எந்தச் சட்டத்திலும் கிடையாது, ஆனால் யாரும் மீறியதில்லை. இவரும் நிற்கப் போகிறார். உங்களிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். "அக்கா ராத்திரியெல்லாம் உக்காந்து நாலாவது தடவை எண்ணுவா, பாவம், முதுகு வலிக்கும்" என்கிறார்.

சத்தியத்தை மீறி எழுதுகிறேன். அண்ணி, நீங்கள் எண்ணியது சரிதானே? ஒரு வரி போதும்.

உங்கள் தம்பி மனைவி

பிப்ரவரி 27

தம்பி,

அந்த வட்டத்தில் நிற்காதே. பாரத்தைத் தூக்கவே விடாதே. என் எண்ணிக்கை சரி, நான் சொன்ன முடிவு தப்பு.

உன் மனைவியின் கடிதம் நேற்று வந்தது. அவளைக் கோபித்துக்கொள்ளாதே. படித்ததும் உன் கடிதங்களை எடுத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். கன்றுக்குட்டியில் வந்து நின்றுவிட்டேன்.

நிதானமாகப் படி. உன் சமன்பாடு ஒரு பின்னம். மேலே உள்ளது அழியும் இடம் பூஜ்யம். கீழே உள்ளது அழியும் இடத்தில் மதிப்பு எல்லை கடந்து எகிறும், அது துருவம். பூஜ்யம் நூலை ஒரு பக்கம் சுற்றும், துருவம் மறுபக்கம் சுற்றும். ஆணியில் மிஞ்சுவது வித்தியாசம் மட்டும். முப்பத்தொரு வருடம் கரும்பலகையில் எழுதியவள் நான். உன்னிடம் "துருவம் எத்தனை?" என்று கேட்காமல் விட்டுவிட்டேன்.

கேமரா இல்லாமல் உன் கிரேன் தானாக ஆடி ஆட்டத்தை வளர்க்கிறது என்றால், வலப்பக்கம் துருவம் இருக்கிறது. ஊசலாட்டம் என்பதால் இரட்டையாகத்தான் இருக்கும், கோட்டுக்கு மேலே ஒன்று, கண்ணாடியில் பார்த்த மாதிரி கீழே ஒன்று. துருவம் இரண்டு, நூலில் சுற்று இல்லை என்றால், பூஜ்யமும் இரண்டு இருக்கிறது. நூல் 'ஒன்றுமில்லை' என்று சொல்லவில்லை. 'இரண்டு பக்கமும் சமம்' என்று சொன்னது. பள்ளி வாசலில் நின்று உள்ளே போனவர்களுக்கும் வெளியே வந்தவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எண்ணிவிட்டு, பள்ளியில் யாருமே நடமாடவில்லை என்று எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது என் வேலை.

இந்தக் கடிதம் உன்னிடம் வர ஐந்து நாளாவது ஆகும் என்கிறார் மாமா. தபால் கணக்கில் அவர் தப்புவதில்லை. அதனால் நாளைக் காலை ஆலைக்குப் போன் செய்ய அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. மாமாவின் போனும் வந்ததாகச் சொன்னார்கள். நீ சொன்னது சரி. சோதனை தள்ளிப்போயிருக்கிறது. வேலை நெருக்கடியாக இருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் தம்பி மனைவி எழுதுகிறாள். இங்கே எல்லோரும் நலம். புதிதாக எல்லாவற்றையும் போட்டுப் பார்க்க வேண்டும். மெதுவாகச் செய்யலாம், அவசரமில்லை. நீ வீணாக மனதை அலட்டிக்கொள்ளாதே. உடம்பைப் பார்த்துக்கொள். நாங்கள் நலமாக இருக்கிறோம்.

தம்பி

மார்ச் 19

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தை மாமா என்னிடம் கொடுத்துவிட்டு, நான் படித்து முடிக்கும்வரை செய்தித்தாளைத் தொடவில்லை. அவருக்கே ஏதோ பட்டிருக்கிறது.

பத்து வரிக் கடிதத்தில் மூன்று முறை நலம். என் முழங்காலை விசாரிக்கவில்லை. மாமாவைக் கிண்டல் செய்யவில்லை. என் பெரிய தப்பைப் பிடித்துக்கொண்டு பத்து வருடத்துக்குக் கேலி செய்ய வேண்டியவன், "நீ சொன்னது சரி" என்று மூன்று சொல்லில் முடித்துவிட்டாய். காய்ச்சலில் படுத்திருந்தபோதுகூட உன் கடிதத்தை வேறு யாரையும் எழுத விட்டவனில்லை நீ.

நான் உள்ளே வந்து பார்க்கவில்லை. ஓரமாக ஒரு சுற்று வந்தேன், அவ்வளவுதான். உள்ளே ஏதோ இருக்கிறது.

நீ எதற்கு மறைக்கிறாய் என்பதும் தெரிகிறது. எண்ணியவள் நான் என்பதால். எனக்கு வலிக்கும் என்று நீ அங்கே தனியாக வலியை வைத்துக்கொண்டிருந்தால் கூட்டல் கழித்தல் சரியாகிவிடும் என்று நினைக்காதே.

எந்தக் கை என்று மட்டும் சொல். மற்றதை மெதுவாக எழுது.

அக்கா

மார்ச் 30

அக்கா,

வலது கை. இதை இடது கையால் எழுதுகிறேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்து மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள். நான்கு நாளாக எழுதுகிறேன்.

மாமா போன் செய்தது உண்மை. வாயிற்காவலர் எடுத்து, மறுநாள் என்னிடம் வந்து சொன்னார்: "சார், உங்க அக்கா வீட்லருந்து போன். உங்கள நிக்க வேணாம்னு சொன்னாங்களாம்." அவ்வளவுதான் சொன்னார். முந்தின வாரம்தான் உன் தம்பி மனைவி உனக்கு எழுதிவிட்டதாக ஒப்புக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் பயம் வந்துவிட்டது, பாசத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டே "சரின்னு சொல்லிட்டேன்னு சொல்லுங்க" என்றேன். நீ கணக்குப் பேசுகிறாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மூன்றாம் தேதி வட்டத்தில் நின்றேன். சுவரோரமாக ஆலை முழுவதும் நின்றது. கட்டி என் தலைக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றது. முதலில் ஒரு விரல் அளவு ஆடியது. பிறகு நான்கு விரல். பிறகு ஒரு சாண். அடங்கிவிடும் என்று நின்றேன். வட்டத்தை விட்டு ஓடினால் இருநூறு பேரும் அந்தக் கிரேனை இனி நம்ப மாட்டார்கள் என்றும் நின்றேன். 'அவசரம்' என் உத்தரவுக்குக் காத்திருக்கவில்லை. பாரத்தை அப்படியே இழுத்துக்கொண்டு போய் மணலில் இறக்கிவிட்டார். போகிற போக்கில் தொங்கிய சங்கிலி தோளில் அடித்தது. காறை எலும்பு முறிவு. வேறு யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மருத்துவமனைக்கு வந்து, "நான் வேகமா செஞ்ச வேல இது ஒண்ணுதான் சார், பேர மாத்தச் சொல்லிடாதீங்க" என்றார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ கேட்க மறந்ததாக எழுதியிருந்தாய். நான் சொல்ல மறக்கவில்லை அக்கா, சொல்லாமல் விட்டேன். அந்த மோட்டார் அமைப்பு பதினோரு வருடத்துக்கு முன் நானே செய்தது. அது தானாக ஆட்டத்தை வளர்க்கும் என்பது முதல் மாதமே எனக்குத் தெரியும். ஓட்டுநரின் பிரேக்கில் மூடி மறைத்துவிட்டேன். அதை உன்னிடம் காட்ட வெட்கமாக இருந்தது. கேமரா வந்தால் அதுவும் சேர்ந்து சரியாகிவிடும் என்று நினைத்து, வளைவை மட்டும் அனுப்பினேன். அந்த இரண்டு துருவமும் என்னுடையவை.

உன் தம்பி

ஏப்ரல் 8

அன்புத் தம்பிக்கு,

உன் இடது கை எழுத்து வலது கை எழுத்தைவிடத் தெளிவாக இருக்கிறது. எலும்பு கூடியதும் பழைய கிறுக்கலுக்குப் போய்விடாதே.

இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். அதற்கடுத்த நாள் என் மேல். மாமா பார்த்தார். "ரெண்டு பேரும் தப்பு என்னோடது என்னோடதுன்னு இழுத்துக்கிட்டே இருங்க, மொத்தத்துல ஒண்ணும் மிஞ்சாது" என்று தாளில் எழுதி நீட்டினார். கணக்கு தெரியாதவர் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

ஆகவே பேரத்தை முடித்துக்கொள்வோம். சொல்லாதது உன் தப்பு. கேட்காதது என் தப்பு. இரண்டையும் கழிக்க வேண்டாம், தனித்தனியாகவே இருக்கட்டும்.

முப்பத்தொரு வருடத்தில் எத்தனையோ பிள்ளைகள் என்னிடம் விடையை மட்டும் காட்டி, அடித்தல் திருத்தல் இருந்த தாளை ஒளித்திருக்கிறார்கள். ஒருவரையும் நான் திட்டியதில்லை, அந்தத் தாளைத்தான் கேட்டு வாங்குவேன். உன்னிடம் வாங்கவில்லை. தம்பியாயிற்றே, அவனுக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு.

கை சரியானதும் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய். இம்முறை வளைவோடு துருவங்களின் பட்டியலையும் அனுப்பு, ஒன்றுவிடாமல், வெட்கப்படாமல். உன் மனைவியிடம் சொல், சத்தியத்தை மீறியதற்கு அண்ணி நன்றி சொன்னாள் என்று.

அக்கா

மே 26

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்கால் எப்படி? மாமாவின் கணக்குத் திறமையை ஆலையில் சொன்னேன், அவருக்கு இங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்களாம்.

கட்டு பிரித்தாயிற்று. கையைத் தோளுக்கு மேலே தூக்கினால் மட்டும் சுருக்கென்கிறது. கேமராவின் தாமதத்தைக் கால் நொடியாக்கிவிட்டேன். இழுவிசையையும் மாற்றியிருக்கிறேன். புது வளைவு இத்துடன். துருவப் பட்டியலில் மேலதிகாரியும் மற்ற இரண்டு பொறியாளர்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். வலப்பக்கம் இரண்டு, அவ்வளவுதான். மோட்டார் அமைப்பைப் பற்றிய உண்மையை எல்லோருக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு வாரம் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. பிறகு பழகிவிட்டது.

இனி யாரும் வட்டத்தில் நிற்க வேண்டாம் என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. ஆனால் வார்ப்புப் பகுதி ஆட்கள் வந்து, "நீங்க நிக்கலன்னா நாங்க நடக்க மாட்டோம்" என்கிறார்கள். நியாயம்தானே? நான் நிற்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உன்னிடம் மறைக்காமல் எழுதுகிறேன். நீ எண்ணிச் சொன்ன பிறகுதான்.

உன் தம்பி

ஜூன் 7

அன்புத் தம்பிக்கு,

ஐந்து முறை எண்ணினேன். இரண்டு முறை நான் பென்சில் பிடித்தேன், இரண்டு முறை மாமா பிடித்தார், ஒரு முறை சுருளைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டுச் செய்தோம். வளைவு எங்கே தொடங்கினாலும் நூல் எதிர்ப்பக்கமாக, துருவம் சுற்றும் பக்கமாக, இரண்டு சுற்றுச் சுற்றி நிற்கிறது. அவிழவில்லை. பூஜ்யத்திலிருந்து துருவத்தைக் கழித்தால் குறை இரண்டு. துருவம் இரண்டு. ஆக, வலப்பக்கம் பூஜ்யம் இல்லை. இம்முறை இல்லை என்றால் இல்லை.

போன முறை நான் எண்ணினேன், நீ நின்றாய். அந்த ஏற்பாடு எனக்குப் பிடிக்கவில்லை. மாமா இருபத்திரண்டாம் தேதி ரயிலுக்கு இரண்டு சீட்டு வாங்கிவிட்டார். கொக்கிக்குக் கீழே இருக்கிற அந்த வட்டத்தில் இரண்டு பேர் நிற்க இடம் இருக்குமா என்று பார்த்து வை. இல்லையென்றால் பெரிதாகப் போடச் சொல்.

வேண்டாம் என்று எழுதி மையை வீணாக்காதே.

அக்கா

ஜூன் 13

அன்புள்ள அக்காவுக்கு,

வேண்டாம் என்று இரண்டு பக்கம் எழுதினேன். உன் தம்பி மனைவி வாங்கிப் படித்துவிட்டு, "இத அனுப்பினா அவங்க ஒரு நாள் முன்னாடியே வந்துடுவாங்க" என்றாள். கிழித்துவிட்டேன்.

ஆனால் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு, உனக்கே தெரியும். சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டவர் மட்டும்தான் வட்டத்தில் நிற்கலாம். வேறு யார் வந்தாலும் 'அவசரம்' பாரத்தைத் தூக்க மாட்டார். நானும் கேட்டுப் பார்த்தேன், மனிதர் மசியவில்லை.

அந்தத் தாளை இந்த உறையில் வைத்திருக்கிறேன். என் பெயருக்குக் கீழே ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். வரும்போது மறக்காமல் எடுத்து வா.

உன் தம்பி